ஏழாவது வாக்ஸ் டப்பா

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவின் போர்வெல் தண்ணீரில் கார் கழுவினால், காய்ந்ததும் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி வந்துவிடும். அவ்வளவு உப்பு. என் கார் கருஞ்சிவப்பு, அதனால் ஒவ்வொரு புள்ளியும் தெரியும். செகண்ட் ஹாண்ட்தான், ஆனால் என் சம்பளத்தில் வாங்கியது. அதில் புள்ளி இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கழுவி, நானே வாக்ஸ் போடுவேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி, "ஒரு ஆள் வெச்சுக்கலாமே மேடம்?" என்பார். "நீங்க பல்லு தேய்க்க ஆள் வெச்சிருக்கீங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கப்புறம் பேப்பர் தாழவில்லை.

நான் போட்டது தட்டையான தகர டப்பாவில் வரும் மஞ்சள் வாக்ஸ். ஷூ பாலிஷ் மாதிரி கெட்டியாக இருக்கும். பழைய பனியன் துணியில் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, காயவிட்டுத் துடைத்தெடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் உப்பு ஒட்டாது. வேறு இரண்டு மூன்று வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரிப்படாமல் இதற்கே திரும்பியிருந்தேன்.

2000களின் தொடக்கத்தில் ஒருநாள், ஜி.எஸ்.டி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தகர டப்பாவுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார்.

"என்னண்ணா இது, ஷாம்பூவா?"

"புது வாக்ஸ்க்கா. கம்பெனிக்காரன் ஃபார்முலாவ மாத்திட்டான். தேய்க்கவே வேணாம், தடவுனா போதும். தண்ணி நிக்காம ஓடிரும்."

"பழசு?"

"இனிமே வராது. உள்ள கொஞ்சம் கீது, பாக்கறேன் இரு."

தேய்க்கவே வேண்டாம் என்றதுமே எனக்கு அதன் மேல் மரியாதை போய்விட்டது. உள்ளே ஆறு டப்பா இருந்தது. ஷோகேஸில் வெயிலில் வெளுத்துப்போன ஒன்று. ஏழு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். "இன்னாக்கா, ஊறுகாய் போடப் போறியா?" என்று சிரித்தார். ஊறுகாய் மாதிரியேதான் சமையலறைப் பரணில் அடுக்கினேன். அரை வருஷத்துக்கு ஒரு டப்பா என்று ஆறு தீர்ந்தது. ஏழாவதைத் தொடவில்லை. அது அக்கா மகள் கல்யாணத்துக்கு.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கணவர் இறந்து அப்போது எட்டு வருஷம். எங்கள் வீட்டில் யாரும் என்னை விலகி நில் என்று சொன்னதில்லை. சொல்லும் சங்கடத்தை யாருக்கும் நான் வைத்ததில்லை; ஆரத்தித் தட்டு வருகிறது என்றால் நானே சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். அது பழகியிருந்தது, பிடிக்கவில்லை. இந்த நிலைமையில் அக்கா வந்து, "மாப்பிள்ளை அழைப்புக்கு உன் கார்தான். நீதான் ஓட்டணும்" என்றாள். மாப்பிள்ளையின் அத்தை, "வெள்ளைக் கார் வாடகைக்குக் கிடைக்குமே" என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பிரச்சினை காரின் நிறம் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

அழைப்புக்கு முந்தின நாள் காலை ஏழாவது டப்பாவைத் திறந்தேன். அடுப்புச் சூட்டில் காய்ந்து, கோடையில் ஏரித் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது. சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தேன், எண்ணெய் விட்டுக் குழைத்துப் பார்த்தேன். தூள் தூளாக உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் கடைக்கு ஓடி அந்த ஷாம்பூ பாட்டிலை வாங்கிவந்து இரண்டு தடவை பூசினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பழைய வாக்ஸில் என் கார் ஒருநாளும் அப்படி மின்னியதில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் தோள்பட்டையை எதற்குக் கழற்றிக்கொண்டேன் என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் பூ அலங்காரக்காரர் வேலையை ஆரம்பித்தார். பானெட்டில் ஹார்ட் வடிவத்தில் ரோஜா, பக்கவாட்டில் சாமந்திச் சரம், எல்லாம் செல்லோ டேப்பில். "இன்னாக்கா, வண்டி கண்ணாடி கணக்கா வழவழன்னு கீது!" என்றார். பாராட்டு என்று நினைத்து இளித்தேன்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் ஜனங்கள், நடுவில் நான் முதல் கியரில். பக்கத்தில் மாப்பிள்ளை. என்ஜின் சூடேறியது. மூன்றாவது கரண்ட் கம்பம் தாண்டுவதற்குள் அந்த ரோஜா ஹார்ட் மெல்லச் சறுக்கி, பானெட் ஓரத்துக்குப் போய், ரோட்டில் விழுந்தது. பிரேக் போட்டேன். போட்ட வேகத்தில் இரண்டு பக்கச் சரமும் கழன்றது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பூக்காரர் ஓடிவந்து பானெட்டில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். "வாக்ஸ் போட்டுக்கினு வந்தியாக்கா? முன்னாடியே சொல்ல மாட்டே? டேப்பு எப்பிடி நிக்கும்!"

நான் காரைவிட்டு இறங்கி, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "வாக்ஸ்! புது வாக்ஸ் போட்டேன், அதான் வழுக்குது!" நாலு பேர் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. மாப்பிள்ளை, "பரவால்ல ஆன்ட்டி, போலாம்" என்றான், நல்ல பையன். பூக்காரர் மிச்சப் பூவை நூலால் வைப்பரிலும் கிரில்லிலும் கட்டினார். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது.

மண்டப வாசலில் ஆரத்தி முடிந்து எல்லோரும் மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்து, கார் ஜன்னலில் குனிந்தாள்.

"நிஜமா வாக்ஸ்தானே?"

"வாக்ஸ்தான்."

என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சுருக்கென்றது. எனக்காக அத்தனை பேரிடம் நின்றவள் அவள். அவளே கேட்டாள்.

காரை நிறுத்த இடம் தேடும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் ஆபீஸ் தோழி தன் மகன் கல்யாணத்துக்கு இதே காரைக் கேட்டு வாங்கிப் போனாள். இதே மாதிரி டேப்பில் ஒட்டிய பூ, மறுநாள் வண்டி திரும்பி வரும்வரை அப்படியே இருந்தது. அன்றைக்குப் பழைய வாக்ஸ். அன்றைக்கு ஓட்டியதும் நான் இல்லை, அவள் கணவர். அக்கா மகள் கல்யாணம் நடந்த இரண்டு நாளும் இதே நினைப்புதான். சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பரிசு சுற்ற வாங்கிய செல்லோ டேப்பை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். டிக்கியில் யாரும் பூ ஒட்டவில்லை, வாக்ஸ் அப்படியே இருந்தது. வைப்பரில் கட்டியிருந்த ஒரு வாடின ரோஜாவை அவிழ்த்து, டிக்கி மேல் ஒட்டி, அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சறுக்கி விழுந்தது. நாலு தடவை ஒட்டினேன். நாலு தடவையும் விழுந்தது. எதிர்வீட்டுக்காரர் ரொம்ப நாள் கழித்துப் பேப்பரைத் தாழ்த்தினார்.

பார்த்தால் பார்க்கட்டும் என்று அங்கேயே, காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாக்ஸ்தான் என்று அக்காவிடம் சொன்னபோது எனக்கும் அது நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.