புதுக் கட்டடத்தில் பை வைக்க இடமில்லை

ஹட்டனில் பழைய கடை வரிசையை இடித்துவிட்டுக் கட்டிய புதுக் கட்டடத்துக்கு இன்றுதான் முதல்முறை போனேன்.

முன்பெல்லாம் டவுனுக்கு வந்தால் பைகளை அந்த வரிசையில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை வாசலில் வைத்துவிட்டுத்தான் மற்றச் சாமான் வாங்கப் போவோம். மழை பிடித்தால் பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

இன்றும் மழை. பழக்கதோஷத்தில் நானாவின் புதுக் கடைக்கு முன்னால், கண்ணாடிக் கதவோரமாகப் பையை வைத்தேன். செக்கியூரிட்டி ஓடி வந்தார்.

"அக்கா, இங்க பை வைக்கக் கூடாதுங்க. உக்காரவும் கூடாது. பாக்க அசிங்கமா இருக்குன்னு மேல சொல்றாங்க."

உள்ளேயிருந்து நானா எட்டிப் பார்த்தார். "கடை தந்தாங்க தங்கச்சி. வாசல் தரல்லயே."

எரிச்சலோடு பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவர் முழுக்க ஒரு படம். 'எங்கள் பாரம்பரியம்' என்று மூன்று மொழியிலும் எழுதி, விளக்கு வேறு போட்டிருக்கிறார்கள்.

படத்தில் நானாவின் பழைய வாசல். வெளியே மழை. பைகளோடு உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்கள்.

நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அடுத்த மழைக்கு அந்தப் படத்துக்குள் ஏறி உட்கார யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.