கயிறு பிடிப்பவனின் செபம்

எங்கள் கடற்கரையில், சங்கெடுக்கக் கடலில் மூழ்கும் குளியாளின் கயிற்றை அவனுடைய மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். உடன்பிறந்தாளின் தாலியை நினைப்பவன் கை தளராது என்பது அந்த வழக்கத்தின் நியாயம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சங்குக் காலத்தில், அதுவரை கயிறு பிடித்துவந்த என் அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். பட்டப்படிப்பை முடித்து உத்தியோகத்துக்குக் காத்திருந்த என்னிடம் அத்தானின் கயிறு வந்துசேர்ந்தது. அக்கா அப்போது நிறைமாதமாக இருந்தாள்.

குளியாள், தன்னை ஆழத்துக்கு இழுத்துச்செல்லும் கல்லில் காலூன்றி இறங்குவான். சங்கு பொறுக்கியதும் இடுப்புக் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுப்பான். ஆனால் மயங்கிப்போனவன் சுண்டமாட்டான். அதற்கென்று எங்கள் வள்ளத்தில் ஓர் அளவு இருந்தது. தலை நீருக்குள் மறைந்ததும் கயிறு பிடிப்பவன் மாதாவுக்கான அருள் நிறைந்த மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குவான். ஐந்தாவது மந்திரம் முடிந்த பிறகும் கயிறு அசையாவிட்டால், யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும்.

அந்த வாரம் பக்கத்து வள்ளத்துக் குளியாள் ஒருவரைக் காலம் தாழ்த்தி இழுத்தார்கள். அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது நானும் தோள் கொடுத்தேன். மறுநாள் கடலில் என் வாயில் மந்திரம் ஓடத் தொடங்கியது. சொற்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விரைந்தன. நான் ஐந்தை முடித்து இழுத்தபோது, அத்தான் வெறுங்கையோடு, கண்கள் சிவக்க மேலே வந்தார்.

"ஏலே மாப்ள, என்ன அவசரம் ஒனக்கு? சங்கு வெரல்ல பட்டுச்சு, அதுக்குள்ள தூக்கிட்டியே!"

அடுத்த கயிற்றைப் பிடித்திருந்த அண்ணாச்சி சிரித்தார். "பி.ஏ. படிச்ச செபம்லா? மெயில் வண்டி மாரி போவுது. மாதா காது குடுக்கதுக்குள்ள ஆமென் வந்துருது."

அத்தான் சிரிக்கவில்லை. "இன்னொரு மட்டம் இப்படித் தூக்குனன்னா நாளைக்கி வேற ஆள வச்சுக்கிடுதேன். ஒங்க அக்காட்ட நீயே சொல்லிக்க."

சொன்ன வேகத்திலேயே அவர் கல்லில் காலை வைத்தார். வழக்கமாக வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நெடுநேரம் இளைப்பாறுபவர், அன்று கோபத்தில் அந்த இளைப்பாறலை விட்டுவிட்டார். முன்கூட்டி இழுப்பது பாதுகாப்பான பிழை என்று நான் கணக்கிட்டிருந்தேன். அந்தப் பிழைதான் இப்போது அவரை அரைமூச்சோடு கீழே அனுப்புகிறது என்பது கயிறு என் விரல்களுக்கிடையே ஓடிய பிறகே எனக்கு உறைத்தது.

விடியலில் கரையைவிட்டுப் புறப்படும்போது வள்ளத்தில் எல்லோரும் சேர்ந்து செபிப்போம். துடுப்பின் வீச்சுக்கு ஒத்த நடை அது. எவரும் எவரையும் முந்த முடியாது. அந்த நடையில், வாய்விட்டு, முதல் மந்திரத்தைத் தொடங்கினேன். நெஞ்சு முந்தியது. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லைத் தவிர வேறெதையும் பிடிப்பதில்லை என்று உறுதிகொண்டேன். மூன்றாவது மந்திரத்தின் நடுவில், எனக்குள் ஏதோ ஒன்று தரைதட்டி நின்றது. அச்சம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கயிற்றின் ஒவ்வொரு புரியும் உள்ளங்கையில் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்தாவது முடிந்தது. கயிறு அசையவில்லை.

நான் இழுக்கக் குனிந்ததைக் கண்டு அண்ணாச்சி பதறினார். "பொறு தம்பி, பொறு! இப்பத்தானே ஏசுனாரு? பொறவு ஒன்னய வள்ளத்துலயே ஏத்தமாட்டாரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஐந்தையும் முழுமையாகச் சொல்லியிருந்தேன். ஒரு சொல்கூட ஓடிப்போகவில்லை. இழுத்தேன்.

கயிறு கல்லாகக் கனத்தது. அண்ணாச்சி தம் கயிற்றை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு என்னோடு சேர்ந்து இழுத்தார். அத்தானின் தலை தொங்கியபடி வந்தது. மூக்கில் இரத்தம். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினோம். தண்ணீர் வந்தது, பிறகு ஓர் இருமல், பிறகு மூச்சு.

வெகுநேரம் கழித்து அத்தான் கண்களைத் திறக்காமலே கேட்டார்: "எத்தன சொன்ன?"

"அஞ்சு, அத்தான்."

"முழுசாவா?"

"முழுசா."

 அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைப்பாகையை மறுபடி கட்டினார்.

அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று கரைக்கு வரும் வழியிலேயே முடிவு செய்தோம். பேறுகாலம் முடியும்வரை மறைப்பதன் விளைவையும் சொல்வதன் விளைவையும் எடைபோட்டு நானும் இணங்கினேன். மாலையில் மாதா படத்தின் முன் மூவரும் செபமாலைக்கு உட்கார்ந்தோம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் அக்கா மந்திரங்களை வழக்கம்போல் விரட்டினாள்.

"ஏளா, மெதுவாச் சொல்லு," என்றார் அத்தான். "ஒரு மனுசன் மூச்சு எடுக்க வேண்டாமா?"

"சோறு கொழஞ்சா யாரு திங்கதாம்?"

"நான் திங்கேன். நீ சொல்லு."

அக்கா அவரை வியப்போடு பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். நான் செபமாலை மணியைப் பார்த்துக்கொண்டேன். அவள் முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள், இம்முறை மெதுவாக. நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால், துடுப்பு போடும் நடையில், மறுபாதியைச் சொன்னோம். அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது.