மானுக்கா மரங்களுக்குக் கீழே ஒரு குடிபூரல்

மனைவியின் தம்பி நகருக்கு மேற்கே வைட்டாக்கரே மலைச்சரிவில் வீடு வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல். காட்டுத்தீ அபாயம் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் எல்லோரிடமும் இரண்டாவதைத்தான் சொன்னேன்.

அபாயம் பொய்யில்லை. கட்டட அனுமதி அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வீட்டைச் சுற்றி மானுக்கா. அதன் இலையில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்தால் உடனே பற்றும். போகவும் வரவும் ஒடுங்கிய ஒரே பாதை. குழாய்த் தண்ணீர் இல்லை, கூரையில் விழும் மழைதான் தண்ணீர்த் தாங்கிக்குப் போகிறது. முன்பெல்லாம் பச்சையாகவே இருந்த சரிவு இப்போது கோடையில் பழுப்பாகிறது. காப்புறுதிக்காரர்கள் பொலிசி எழுதுமுன் மரங்களுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கிளென் ஈடனில் என்னுடையது செங்கல் வீடு. சமதரை, தெருமுனையில் தீயணைப்புக் குழாய். என் யன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுக் கராஜ். அவனுடைய யன்னலில் தெரிவது துறைமுகம்.

தூரத்தில், கிளென்ஃபீல்டில் வாடகைக்கு இருந்த என் மகளும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் அடுத்த தெருவில் ஒரு செங்கல் வீடு விலைக்கு வந்தது. கட்டட அறிக்கை முதல் வடிகால் வரைபடம் வரை நானே பார்த்து முடித்திருந்தேன். பேரப்பிள்ளைகள் நடந்தே வந்துவிடலாம். அவள் ஓம் என்றால் போதும். அவள் சொல்லவில்லை, ஏனென்றால் மாமனின் பக்கத்து வீடும் விலைக்கு வந்திருந்தது.

மச்சான் புது வீட்டுக்குக் குடிபூரலை வைத்தது நல்ல கோடையில். வெளியில் நெருப்பு மூட்டத் தடை இருந்த நேரம். கூடத்தில் ஓமம் தொடங்கியதும் புகை அலாரம் அலறத் தொடங்கியது. ஐயரின் மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை. ஐயர் சென்னைக்காரர். "வெளில வச்சுக்கலாமே, காத்தோட்டமா இருக்கும்" என்றார். மச்சான் அடுப்புக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஓமகுண்டத்தை அப்படியே தூக்கிப் போய் மரப்பலகைத் தளத்தில் வைத்தான். ஐயர் கும்பத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மேலே மானுக்காக் கிளைகள்.

"உள்ளுக்குக் கொண்டு போ" என்றேன்.

"அத்தான், இது சாமி நெருப்பு."

"மரத்துக்கு அது தெரியாது. தடை போட்டவனுக்கும் தெரியாது."

"ஐஞ்சு நிமிசம், அத்தான். நீங்க இப்ப ரிட்டயர்ட்."

அவன் சொல்லி முடிக்கவில்லை, காற்று திரும்பியது. ஒரு பொறி பறந்து தளத்தின் ஓரத்தில் குவிந்திருந்த சருகில் விழுந்தது. சருகு புகைந்து, சின்னதாகப் பற்றியது. கைக்கு எட்டிய தண்ணீர் கும்பத்தில்தான் இருந்தது. தேங்காயையும் மாவிலையையும் எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, கும்பத்தைச் சருகின் மேல் கவிழ்த்தேன்.

சருகு அணைந்தது. ஐயர் காலியான கும்பத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பரவால்ல சார், தீர்த்தம்தானே. வாஸ்துவுக்கும் நல்லது" என்றார். மச்சான் குண்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இதற்கு மேல் எந்த அறிக்கை வேண்டும்? மகளைப் பார்த்தேன். அவள் நனைந்த சருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க சொன்னது சரி" என்றாள்.

"நான் எப்பவும் அதைத்தானே சொல்றன்."

"எங்களுக்கு இருந்த ஒரே பயம் இதுதான். இப்ப ஓகே. எதை வெட்டவேணும், எதை அள்ளவேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" பிறகு கணவன் பக்கம் திரும்பி, "அப்பா பார்த்துக்கொள்ளுவார். நாங்க பக்கத்து வீட்டையே எடுப்பம்" என்றாள்.

மச்சான் என் தோளில் கை போட்டான். "அத்தான் இருக்க ஃபயர் பிரிகேட் ஏன்?"

இப்போது கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் நான் மகளின் வீட்டுக் கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் இலை அள்ளுகிறேன். சுவரை உரசும் கிளைகளை வெட்டுகிறேன், தாங்கியின் பம்பைப் போட்டுப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் பக்கத்து வீட்டில், மச்சானின் பலகைத் தளத்தில் ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள். அவன் சொல்லும் ஏதோ கதைக்கு அவர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. போன வாரம் அவன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அத்தான், முடிஞ்சா எங்கட பீலியையும் ஒருக்காப் பாருங்கோ" என்றான். பார்த்தேன். பாராமல் விட்டால் தீ முதலில் அவன் வீட்டில் பிடித்து, அங்கிருந்துதான் இங்கே வரும்.

ஏணியின் மேல்படியில் நின்றால் துறைமுகம் எனக்கும் தெரிகிறது. ஒரு கையால் பீலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.