பெயர் கேட்டவர்

இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தோட்ட நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், எங்கள் மூன்று மாடுகளையும் சித்தியவானில் மாடு வளர்க்கும் ஒருவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து லோரியில் ஏற்றினேன்.

மறுநாள் மாடுகளை வாங்கிக்கொண்டவர் போன் செய்தார்.

“தம்பி, செவலப் பசு நேத்துலேருந்து தண்ணிகூட குடிக்க மாட்டேங்குதுலா.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சும்மாதானே கொடுத்தேன், அதுல கொற வேறயா? வேணாம்னா வித்துடுங்க!” என்று கத்தினேன்.

“கொற சொல்லல தம்பி. வீட்ல அத என்ன பேரு சொல்லிக் கூப்புடுவீங்க? கூப்ட்டுப் பாக்கலாம்னுதான்.”

எனக்குத் தெரியவில்லை. அந்த மாடுகளின் பாலை விற்றுத்தான் அம்மா என்னை ஈப்போவில் படிக்க வைத்தார். பெயர்கூடத் தெரியவில்லை! என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“அது காதுகிட்ட வைங்கண்ணே,” என்றார் அம்மா. “பவுனு... குடிம்மா. அம்மாதான் பேசுறேன்.”

சற்று நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பவுனிடம் பேசிய அம்மா என்னிடம் இன்னும் பேசவில்லை.