டெல்லி கம்ப்யூட்டர் அனுப்பிய கடற்கரை

இந்தக் கோடையில் டெல்லியிலிருந்து ஒரு கனமான தபால் வந்தது. பிரித்தேன். இரண்டு ஓரமும் துளை போட்ட தாள், மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போனது. மேஜையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, தரையில் இறங்கியது. எங்கள் வேலூர் மருத்துவ நூலகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் பட்டியல்! எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். யாரும் தொடவில்லை. தொட்டால் கெட்டுவிடுமோ என்னவோ…

அதுவரை எப்படி என்றால், ‘இந்த நோயைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள்?’ என்று ஒரு டாக்டர் கேட்டால், தலையணை சைஸில் இருக்கும் அட்டவணைப் புத்தகங்களை வருஷ வாரியாக இறக்கிப் புரட்டுவோம். கட்டுரை கிடைக்கிறதோ இல்லையோ, தோள்பட்டை வலி கட்டாயம் கிடைக்கும்.

இப்போது அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ஒரு படிவம் நிரப்பி டெல்லிக்கு அனுப்பினால் போதும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் தேடிவிடும். அந்தச் சிமிட்டல் வேலூர் வந்து சேர நாலு வாரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

முதல் படிவம் ஆம்பூர் டாக்டர் நஸீமாவுடையது. சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறார். சனிக்கிழமை பஸ் பிடித்து எங்கள் நூலகத்துக்கு வந்து படிக்கிற அபூர்வப் பிறவி. அவரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் முனுசாமி. தோல் பதனிடும் தொழிற்சாலையில் குரோம் உப்பைக் கரைக்கிற வேலை. விரல்களிலும் மணிக்கட்டிலும் பஞ்சிங் மெஷினால் குத்தியது போலக் குழிகள். ஒன்று ஆறினால் பக்கத்தில் இரண்டு வரும்.

குரோம்தான் காரணம் என்பது டாக்டருக்குத் தெரியும். முதலாளிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“வூட்ல இன்னாத்துல கைய வெச்சானோ, அதுக்கு நானா ஜவாப்தாரி? எங்கனா எழுதியிருந்தா காட்டுங்க டாக்டர், பாக்கலாம்.”

முனுசாமிக்கு மூன்று பெண்கள். வேலையை விட முடியாது. தினமும் காலையில் டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு போய், அதே தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் இதையெல்லாம் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சுருக்கிப் படிவத்தில் ஏற்றுவது என் வேலை. எங்கள் தலைமை நூலகர் ஆபிரகாம் சார் முதுகுக்குப் பின்னால் நின்று உபதேசம் செய்தார்.

“வார்த்தை கம்மியா போடும்மா. கம்ப்யூட்டர் புத்திசாலி. புரிஞ்சிக்கும்.”

நானும் புத்திசாலி இல்லையா? குரோமைக் கோடு போட்டு அடித்தேன். தொழிற்சாலையை அடித்தேன். புண்ணை அடித்தேன். மிஞ்சியது இரண்டே வார்த்தை: தோல், டானிங். பதனிடுவதற்கு இங்கிலீஷில் அதுதானே பெயர்.

பட்டியல் வந்த சனிக்கிழமை டாக்டர் நஸீமா உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். கடற்கரையில் வெயில் காய்கிறவர்களின் முதுகு. செம்பட்டை முடிக்காரர்கள் எவ்வளவு நேரம் வெயிலில் படுக்கலாம். எந்த எண்ணெய் தடவினால் உடம்பு சீராகப் பழுப்பாகும்… வெள்ளைக்காரர்கள் உடம்பைக் கறுக்க வைப்பதற்கும் டானிங் என்றுதான் பெயராம். நமக்கென்ன தெரியும்? நம் ஊர் வெயிலில் அதற்கென்று யார் போய்ப் படுக்கிறார்கள்?

டாக்டர் கடைசித் தாள் வரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“செல்வி, நான் ஆம்பூர்ல ஆஸ்பத்திரிதானே நடத்தறேன்? பியூட்டி பார்லர் இல்லியே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“இந்த ஒரு மாசத்துல அவருக்கு இன்னும் நாலு குழி வந்திருக்கு.”

அவ்வளவுதான். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆபிரகாம் சார் அலமாரிப் பக்கம் நழுவிவிட்டார். அந்த அரைப் பக்கத்தைத் தேடி எடுத்து டாக்டர் முன்னாலேயே உட்கார்ந்தேன். “நீங்க சொல்லுங்க டாக்டர், நான் எழுதறேன்” என்றேன். குரோம், தொழிலாளி, கை, ஆறாத புண். ஒரு வார்த்தையையும் விடவில்லை. படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

அடுத்த நாலு வாரம் தபால்காரரைக் கண்டாலே எழுந்து நின்றேன்.

இரண்டாவது பட்டியல் மெலிசாக வந்தது. இரண்டே தாள். முதல் வரியே குரோம் புண்! எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. அது எங்களிடமே இருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால், மேல் தட்டில், பைண்டு செய்து, தூசியோடு. டெல்லி வரை போய் விசாரித்து, என் முதுகுக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

எங்கள் ஜெராக்ஸ் மெஷின் அதுவரை பெரும்பாலும் ஜாதகங்களைத்தான் பிரதி எடுத்திருக்கிறது. அன்றைக்கு அது முதல்முறையாக உருப்படியான வேலை பார்த்தது. பதினோரு பக்கம், போட்டோவோடு. அந்தப் போட்டோவில் இருந்த கை, முனுசாமியின் கையேதான் என்று சத்தியம் செய்யலாம்.

டாக்டர் அதைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்தார். முதலாளி ஒரு வரிகூடப் படிக்கவில்லையாம். போட்டோவைப் பார்த்தார், கீழே இருந்த வெளிநாட்டு டாக்டர்களின் பட்டங்களைப் பார்த்தார், மேஸ்திரியைக் கூப்பிட்டார். கரைக்கிறவர்கள் எல்லோருக்கும் ரப்பர் கையுறை. முனுசாமிக்கு பேக்கிங் செக்ஷன்.

போன வாரம் முனுசாமியே நூலகத்துக்கு வந்தார். குழிகள் மூடி, வெள்ளைத் தழும்பாகியிருந்தன. கையை நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்த புத்தகங்களை அண்ணாந்து பார்த்தார்.

“இத்தினியும் நீங்க படிச்சிட்டீங்களாம்மா?”

“இல்லீங்க.”

“அந்த டெல்லி மெஷினு படிச்சிடுச்சா?”

“அதுவும் இல்லீங்க. எது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும்.”

மறுபடி அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அப்போ யாருதான் படிக்கிறது?”

ஆபிரகாம் சாரைக் காட்டிவிட்டு, நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.