சீட்டின் தலையில் நாலு நட்சத்திரம்

பதினோரு வருடம் ஒரு தப்புகூடச் செய்யாமல், ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடிய புரோகிராம் உலகத்திலேயே ஒன்றுதான். அதை எழுதியவர் இந்த வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறார். சரி, உலகத்திலேயே என்பது கொஞ்சம் அதிகம். தும்மலும் பொய். மின்சாரம் போனபோதெல்லாம் அது படுத்துக்கொண்டது. ஒரு தடவை பெட்டிக்குள் பல்லி புகுந்து மூன்று நாள் மௌனவிரதம் இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு வருடத்தை மட்டும் புரோகிராமர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மீட்டர் பார்க்க வருகிறவர்வரைக்கும் அது தெரியும்.

பிசின் காய்ச்சும் தொழிற்சாலை அது. இரண்டு ஆள் உயரத்துக்கு மூடிய இரும்புக் கொப்பரை. பக்கத்தில் அதன் சூட்டை அளந்துகொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். இன்றைக்குக் கையில் கட்டும் கடிகாரத்தின் மூளையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது. சூடு எல்லை தாண்டினால் அலாரம் அலறும். ஆபரேட்டர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடம் வாயை மூடும். அதற்குள் அவர் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொப்பரையைக் குளிர வைக்க வேண்டும். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை பிரித்துக் கொட்டுவதும் அவர் வேலைதான். கண் திரையில் இருக்க முடியாது என்றுதான் காதுக்கு ஓர் அலாரம்.

புரோகிராமருக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலைக்குச் சொல்லிவிட்டவர் அக்கா வீட்டுக்காரர், அதே கொப்பரையின் ஆபரேட்டர். புதிதாக யார் வந்தாலும் கம்ப்யூட்டரைத் தட்டிக்காட்டி, “என் மச்சான் எழுதினது” என்று அறிமுகப்படுத்துவாராம்.

ஒரு மதியம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்குக் கொப்பரை வெடித்தது. அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தைத் திறந்து காட்டவில்லை. விசாரணை நடந்தது. புரோகிராமில் பிழையில்லை என்று புரோகிராமர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரே அச்சடித்த கடைசிச் சீட்டில் ‘அலாரம் அணைப்பில்’ என்று வரிக்கு வரி இருந்தது. ஆபரேட்டரே அலாரத்தை அணைத்துவிட்டார் என்று அறிக்கை எழுதி மூடினார்கள். கொப்பரையை மாற்றினார்கள், புரோகிராமை மாற்றவில்லை. தொழிற்சாலை இழுத்து மூடப்படும்வரை அதேதான் ஓடியது.

அறிக்கையும் சீட்டின் நகலும் அக்காவின் பீரோவில் துணிகளுக்கு அடியில் முப்பத்துநாலு வருடம் கிடந்தன. தூங்கிவழிந்து நாலு பேர் உயிரோடு விளையாடியவர் என்று தெருவில் பேசினார்கள். அக்கா யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை, ஆனால் ஒரு நாளும் நம்பவுமில்லை. தம்பி நம்பினார். அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் அவர் அக்காவுக்குக் காட்டிய பெரிய மரியாதை.

ஓய்வுபெற்று அக்கா வீட்டு மாடிக்கு வந்தபிறகு அவருக்கு ஒரு பொழுதுபோக்கு பிடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் ஒன்றை மடிக்கணினியில் ஏற்றினார். பத்திரமாக வைத்திருந்த கேசட்டைக் கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி, தன் புரோகிராமை அதில் ஓடவிட்டார். பார்த்துப் பார்த்துப் பூரித்தார். தன் கண் அறுவைக்கு நாள் குறித்த வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா சீட்டும் கையுமாகப் படியேறி வந்தார்.

“அந்த மிஷினை உயிரோட பிடிச்சு வச்சிருக்கேன்னு பீத்திக்கிறியே. அதுல அவர் கடைசியா என்ன பண்ணாருன்னு காட்டு. கண்ணுல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி பாத்துடுறேன்.”

“பாத்து என்னக்கா பண்ணப் போற?”

“அவர்தான் அணைச்சாருன்னா, மேல போய்ச் சண்டை போட ஒரு விஷயம் கிடைக்கும். இல்லேன்னா இங்கயே யார்கூடயாவது போடணும்.”

பக்குவமாகக் காட்டிவிடலாம் என்றுதான் அவர் ஒப்புக்கொண்டார். களைத்த மனிதர், கை தவறியிருக்கும், மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டிய சொற்களைக்கூட மனதில் அடுக்கி வைத்துக்கொண்டார். எமுலேட்டரோடு வரும் டீபக்கரைத் திறந்தார். அது என்ன என்று அக்கா கேட்டதற்கு, கம்ப்யூட்டரின் நினைவு என்பது டப்பா டப்பாவாக வைத்த அலமாரி என்று விளக்கினார். ஒரு டப்பாவுக்குக் காவல் போட்டால், அதில் யார் கை வைத்தாலும் மிஷின் அப்படியே நின்றுவிடும். கை வைத்த கட்டளை எதுவோ அதைக் காட்டிக்கொடுக்கும்.

“சமையல்கட்டுக்கு இது கிடைக்குமா? சர்க்கரை டப்பா விஷயத்துல எனக்கு ஒருத்தர் மேல ரொம்ப நாளாச் சந்தேகம்.”

சர்க்கரை நோய்க்காரரான தம்பி சிரித்துவிட்டு, ஒரு டப்பாவுக்குக் காவல் போட்டார். அலாரம் இன்னும் எத்தனை நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்கிற எண் அதில் இருக்கும். பூஜ்யம் என்றால் தாராளமாக அலறலாம்.

அக்கா பூதக்கண்ணாடி வைத்துச் சீட்டைப் படித்தார். தலையில் கம்பெனிப் பெயர், அதன் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம். இரண்டு மணி, ஷிப்ட் மாற்றம், ஆள் எண் நாற்பத்தேழு. அத்தானின் எண். அதை அடிக்கச் சொன்னார் தம்பி. அக்கா நடுவிரலால் நாலைத் தேடி அழுத்தினார், ஏழைத் தேடி அழுத்தினார், எண்டரை அழுத்தினார்.

மிஷின் நின்றுவிட்டது.

சூட்டை ஏற்றவே இல்லை. அணைக்கும் பொத்தானுக்கு இன்னும் வரவே இல்லை. தப்பான டப்பாவுக்குக் காவல் போட்டுவிட்டோம் என்று நினைத்துப் புரோகிராமர் சரிபார்த்தார். சரியான டப்பாதான். முதலிலிருந்து ஓட்டினார், அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. டப்பாவுக்குள் நாற்பத்தேழு உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தினார். ஆள் எண் டப்பாவுக்குள் போகிறது, சீட்டில் அச்சாகிறது. அச்சானதும் டப்பாவைப் பூஜ்யமாக்கும் இரண்டு கட்டளைகள் வர வேண்டும். இடம் போதாத மிஷின் என்பதால் ஒரே டப்பாவை இரண்டு வேலைக்கு வைத்ததும், பின்னால் துடைப்பதற்குக் கட்டளை எழுதியதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. திரையில் அந்த இரண்டும் இல்லை.

பிறகு அதுவும் நினைவுக்கு வந்தது. சீட்டின் தலையில் கம்பெனிப் பெயர் வெறுமனே இருக்கிறது, பக்கத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று மேனேஜர் சொன்னார். புரோகிராம் இருந்த சிப்பில் ஒரு பைட், அதாவது ஓர் எழுத்துக்கான இடம்கூட மிச்சமில்லை. நாலு நட்சத்திரத்துக்கு நாலு பைட். துடைக்கும் கட்டளை இரண்டும் சேர்ந்து சரியாக நாலு பைட். ஷிப்ட் தொடங்கி முதல் ஒரு மணி நேரம் கொப்பரை சூடேறாது, அந்த நேரத்தில் அலாரத்துக்கு என்ன வேலை என்று இளவயசுக் கெட்டிக்காரத்தனத்தில் துடைக்கும் கட்டளைகளைத் தூக்கிவிட்டார். ஒன்பது வருடத்துக்கு மேல் அந்தக் கெட்டிக்காரத்தனம் பலித்தது. அன்று காலையில் மின்சாரம் போய், காய்ச்சுவது தாமதமாகி, ஷிப்ட் மாறும்போது கொப்பரை உச்சச் சூட்டில் இருந்தது.

“என்னடா, நின்னுபோச்சா?”

“நிக்கலக்கா. பிடிச்சிடுச்சு.”

“யாரை?”

இது வெறும் நடிப்பு மிஷின், அசலை அப்படியே காட்டாது என்று சொல்லி மூடியைச் சாத்தியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பார். புரோகிராமர் வாயைத் திறந்ததும் அதைச் சொல்லத்தான். ஆனால் அவர் பார்வை அக்கா கையிலிருந்த சீட்டின் தலையில் போய் ஒட்டிக்கொண்டது.

“அத்தான் அந்தப் பொத்தானைத் தொடவே இல்ல. தன் நம்பரைத்தான் அடிச்சாரு. நாப்பத்தேழு நிமிஷம் வாயை மூடுன்னு சொன்னதா என் புரோகிராம் எடுத்துக்கிச்சு.”

அக்கா பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார். சீட்டில் இரண்டு மணி வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை ஓட்டினார்.

“முப்பத்தெட்டு நிமிஷமும் அவர் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பாரு, இல்ல? நீ எழுதினது கூப்பிடும்னு.”

தம்பி மடிக்கணினியை ஓரமாகத் தள்ளினார்.

“எழுது” என்றார் அக்கா. தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, அறிக்கையைத் திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டவரே எழுத வேண்டும். எழுதினார். நட்சத்திரத்தையும் எழுதினார், தூக்கிய கட்டளைகளையும் எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. அடித்துத் திருத்தியதில் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளை அக்கா வாங்கி, பூதக்கண்ணாடியை முதல் வரியில் வைத்தார்: ‘பதினோரு வருடம் பிழையின்றி ஓடிய என் புரோகிராமில்...’

கண்ணாடி அங்கேயே நின்றது.

“பதினோரு வருஷம் இல்லடா. ஒன்பது வருஷம் நாலு மாசம். அதுவும் அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும்தான்.”