கேட்கக் கூடாத கேள்வி

அறுபதுகளில் சிதம்பரத்தில் அநாதைப் பிணங்களை அடக்கம் செய்ய நாங்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினோம். விதிகளை எழுதித்தர கடலூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. ஒவ்வொரு விதியையும் உரக்கப் படிப்பார். பிறகு பேனாவை மூடிவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசி விதியைப் படித்தார்: "இறந்தவர் என்ன சாதி என்று எந்த உறுப்பினரும் கேட்கக் கூடாது."

தலைவர் சிரித்தார். "இதப் போயி எழுதணுமா சார்? நாங்க கேக்கவா போறோம்?"

"கேக்க மாட்டீங்கன்னா எழுதறதுல என்ன கஷ்டம்?"

"படிக்கிறவன் என்ன நெனைப்பான்? சங்கத்துக்கே அசிங்கம் சார்."

பெரும்பாலான கைகள் வேண்டாமென்றே உயர்ந்தன. வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார்.

மறுமாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவர் செத்துக் கிடந்தார். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. பாடையோடு ஓடினோம். தலைவர் எட்ட நின்றபடி கேட்டார்: "என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?"

அதற்குப் பிறகு ஒருவரும் குனியவில்லை. சாயங்காலம் முனிசிபாலிட்டி வண்டி வந்து எடுத்துப் போனது.

அந்த வக்கீலை நான் மறுபடி பார்க்கவில்லை. ஒரே ஒரு மத்தியானம் அவர் பார்த்த எங்கள் முகங்களில் அப்படி என்னதான் எழுதி ஒட்டியிருந்தது?